கூடாரமா, குலுக்கலா? அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கூடைப்பந்து டிக்கெட்டை மாணவர்களுக்கு எப்படிக் கொடுக்கலாம்?

உங்கள் ஆஃபீஸ் நண்பர் யாராவது வேலையை விட்டுவிட்டு எம்.எஸ். படிக்க அமெரிக்கா கிளம்பியிருக்கிறாரா? அல்லது கிளம்பப்போவது நீங்களேதானா? 2023-24 கல்வியாண்டில் மட்டும் 3,31,602 இந்திய மாணவர்கள் அங்கே படித்தார்கள். அதில் 1.96 லட்சம் பேர் முதுநிலை மாணவர்கள். விசா, வாடகை, பிரஷர் குக்கர் என்று எல்லாவற்றுக்கும் யூடியூபில் வீடியோ இருக்கிறது. ஆனால் போய் இறங்கின சில வாரங்களில் வரும் ஒரு மின்னஞ்சலைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். "கூடைப்பந்து சீசன் டிக்கெட் வேண்டுமா? இந்த வார இறுதி முழுக்க வாகன நிறுத்துமிடத்தில் தங்குங்கள்."

கேலி இல்லை. வட கரோலினா மாநிலம் டர்ஹாமில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவர்களுக்கு இதுதான் நடைமுறை. செப்டம்பர் வாக்கில் ஒரு வார இறுதியில் 36 மணி நேர முகாம் நடக்கும். பகலோ நள்ளிரவோ, எப்போது வேண்டுமானாலும் திடீரென்று வருகைப் பதிவு எடுப்பார்கள். தவறவிட்டால் பெயர் போகும் அபாயம் உண்டு. இத்தனையும் தாங்கி நின்றால் உடனே டிக்கெட் கையில் வந்துவிடுமா? வராது. குலுக்கலில் கலந்துகொள்ளும் தகுதிதான் கிடைக்கும். குலுக்கலில் பெயர் வந்தால் காசு கொடுத்து சீசன் டிக்கெட் வாங்கும் உரிமை.

கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் இதற்குப் பின்னால் இருப்பது ஒரு சீரியஸான கேள்வி. பொருள் குறைவு, கேட்பவர்கள் அதிகம், விலையை ஏற்றவும் மனமில்லை என்றால் எப்படிப் பங்கிடுவது? காலை 10 மணிக்கு தட்கல் டிக்கெட்டுக்காக ஐ.ஆர்.சி.டி.சி. பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்துகொண்டே இருந்த யாருக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல.

ஒரு மேட்ச்சுக்கு ஏன் இவ்வளவு அடிதடி?

நமக்குக் கல்லூரி விளையாட்டு என்றால் காலியான கேலரி, ஓரமாக நிற்கும் பி.டி. சார். அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து தேசியத் தொலைக்காட்சியில் ஓடும் பெரிய வணிகம். நவம்பரில் தொடங்கும் சீசன், மார்ச்சில் நடக்கும் தேசியப் போட்டித் தொடரில் உச்சத்துக்குப் போகும். ஒரு முன்னணி அணிக்கு சீசனில் 15 சொச்சம் மேட்ச் சொந்த அரங்கில் இருக்கும். அதில் ஊரே எதிர்பார்க்கும் பெரிய மேட்ச் மூன்றோ நான்கோதான்.

அரங்குகளோ பழசு, சிறுசு. டியூக்கின் கேமரன் உள்ளரங்கம் 1940 ஜனவரியில் திறக்கப்பட்டது. மொத்தம் 9,314 பேர் அமரலாம். அதில் இளநிலை மாணவர்களுக்கு ஆடுகளத்தை ஒட்டி ஒதுக்கப்படுவது சுமார் 1,200 இடம். இளநிலை மாணவர்களோ ஏறத்தாழ 6,500 பேர். கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆலன் அரங்கம் 1955-ல் திறந்தது, நீண்ட காலம் 16,300 பேர் கொண்டது. (கூடைப்பந்தை 1891-ல் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தான் கான்சஸின் முதல் பயிற்சியாளர். அந்தப் பல்கலைக்கழக வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் உள்ள ஒரே பயிற்சியாளரும் அவர்தான் என்பது தனி வேடிக்கை.)

'கூட்டம் அதிகம்னா விலையை ஏத்திட்டா போச்சு' என்று உங்களுக்குத் தோன்றலாம். பொருளாதாரப் பாடப்புத்தகமும் அதையேதான் சொல்லும். பல்கலைக்கழகங்கள் அதைச் செய்யாததற்கு அவர்களுடைய நல்ல மனசு மட்டும் காரணமில்லை. மாணவர் கூட்டம் அவர்களுக்கு லாபம். முகத்தில் நீல பெயின்ட் அடித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் உட்காராமல் கத்தி, எதிரணி ஃப்ரீ த்ரோ எடுக்கும்போது கையை ஆட்டிக் குழப்பும் கூட்டம்தான் டி.வி.யில் தெரிகிற காட்சி. அதிக விலை கொடுத்து வருகிறவர் உட்கார்ந்து மேட்ச் பார்ப்பார், கத்த மாட்டார்.

இதற்கு நேர் உதாரணம் டியூக்கிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் இருக்கிறது. பரம எதிரியான வட கரோலினா பல்கலைக்கழகம் 1986-ல் டீன் ஸ்மித் சென்டரைத் திறந்தது. 21,000-க்கு மேல் இருக்கைகள் கொண்ட பிரம்மாண்டம். கட்டுவதற்குப் பணம் தந்த நன்கொடையாளர்களுக்கு ஆடுகளத்துக்கு அருகில் இருந்த நல்ல இடங்கள் போயின. விளைவு, அரங்கம் பெரிது, சத்தம் சின்னது. 1991-ல் அங்கே ஆடிய ஃபுளோரிடா ஸ்டேட் வீரர் சாம் கசெல், இது ஒயினும் சீஸும் சாப்பிடும் கூட்டம் என்று கிண்டலடித்தார். இன்றுவரை அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிற்பாடு மாணவர்களைக் கூடையின் பின்புறம் நிற்கவைத்து ஓரளவு சரிசெய்தார்கள்.

ஆக, விலை இல்லாமல் பங்கிட வேண்டும். அதற்குத்தான் இத்தனை வழிகள்.

கூடாரம்: நேரத்தால் கட்டும் விலை

மிகப் பிரபலமானது டியூக்கின் 'கே-வில்'. முழுப்பெயர் பயிற்சியாளர் மைக் ஷஷெவ்ஸ்கியின் பெயரில் அமைந்தது. அந்தப் பெயரை உச்சரிக்கும் கஷ்டத்தால் ஊரே அவரைக் 'கோச் கே' என்றது. 1986-ல் வட கரோலினாவுடனான மேட்ச்சுக்கு முன் சில மாணவர்கள் அரங்க வாசலில் கூடாரம் போட்டார்கள். அதுவே வழக்கமாகி, பிறகு சட்டதிட்டத்தோடு ஒரு குட்டி ஊராகிவிட்டது.

ஒரு கூடாரத்துக்கு 12 பேர் வரை. முறை வைத்துக் காவல் இருக்க வேண்டும். மிகக் கடுமையான பிரிவுக்குக் கறுப்பு என்று பெயர். இரவில் 12 பேரில் 10 பேர் அங்கேயே படுத்திருக்க வேண்டும். அடுத்தது நீலம், கடைசியில் வெள்ளை. அவற்றில் கெடு குறைவு, வரிசையில் இடமும் பின்னால். 'லைன் மானிட்டர்' எனப்படும் மாணவர்களே ராத்திரி ரெண்டு மணிக்கு ஒலிபெருக்கியில் கூப்பிட்டு ஆள் எண்ணுவார்கள். குளிர் அளவுக்கு மீறினால் 'கிரேஸ்' அறிவித்து வீட்டுக்கு அனுப்புவார்கள். உள்ளே போக இளநிலை மாணவர்கள் காசு கொடுப்பதில்லை. டிக்கெட் இலவசம்தான், தூக்கம்தான் விலை.

2022 மார்ச் 5-ல் கோச் கே-யின் கடைசி உள்ளூர் மேட்ச்சுக்கு நடந்த கூத்து தெரியுமா? வெளிச்சந்தையில் டிக்கெட் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போனது. வாரக்கணக்கில் கூடாரத்தில் கிடந்த மாணவர்கள் இலவசமாக உள்ளே போனார்கள். டியூக் 81-94 என்று தோற்றது!

இந்த முறைக்கு ஆதரவாக ஒரு நல்ல வாதம் இருக்கிறது. யாருக்கு உண்மையிலேயே ஆசை அதிகமோ அவர் காத்திருப்பார். எல்லாருக்கும் நாளுக்கு 24 மணி நேரம்தானே. ஆகவே பணக்காரன், ஏழை வித்தியாசம் இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லாருடைய 24 மணி நேரமும் ஒன்றல்ல. சாயங்காலம் லேப் இருப்பவர், கேம்பஸ் கேன்டீனில் ஷிஃப்ட் பார்ப்பவர், குழந்தை வைத்திருப்பவர், சக்கர நாற்காலியில் வருபவர் ஆகியோருக்கு ஒரு ராத்திரியின் விலை வேறு. எஃப்-1 விசாவில் உள்ள மாணவர் பாடம் நடக்கும் காலத்தில் கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அந்த 20 மணி நேரத்தில் ஒரு ஷிஃப்ட் போனால் அது அந்த மாத மளிகைப் பட்டியலில் தெரியும்.

இன்னொரு பிரச்சினை, காத்திருப்பு யாருக்கும் போய்ச் சேராத விலை. நீங்கள் 2,000 ரூபாய் கொடுத்தால் அது விற்றவர் கைக்குப் போகும். 40 மணி நேரம் குளிரில் உட்கார்ந்தால் அது எங்கே போகும்? காற்றில். யோரம் பார்ஸெல் என்ற பொருளாதார அறிஞர் 1974-லேயே வரிசையில் நிற்பதைப் பற்றி ஒரு முழுக் கோட்பாடே எழுதிவிட்டார். இலவசம் என்று கொடுக்கப்படும் பொருளின் மதிப்பை வரிசையே தின்றுவிடும் என்பது அதன் சாரம். டியூக் மாணவர்கள் மறுப்பார்கள். கூடார நாட்கள்தான் கல்லூரி வாழ்க்கையின் சுகமே என்பார்கள். அதையும் தள்ளிவிட முடியாது. திருப்பதி பாதயாத்திரை போகிறவரிடம் பஸ் இருக்கிறதே என்று சொல்வது மாதிரி அது.

கான்சஸ் இதையே கொஞ்சம் மனிதாபிமானத்தோடு செய்கிறது. 30 பேர் வரை ஒரு குழு. ஒரு மேட்ச் முடிந்ததும் அடுத்த மேட்ச்சுக்கான வரிசை எண்ணைக் குலுக்கலில் முடிவு செய்வார்கள். அதன்பின் குழுவில் ஒருவராவது அரங்கில் இருக்க வேண்டும், அதுவும் வார நாட்களில் காலை 6 முதல் இரவு 10 வரைதான். ராத்திரி எல்லாரும் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். பெயர் கூப்பிடும்போது குழுவில் ஒருத்தரும் இல்லையென்றால் மொத்தக் குழுவும் அவுட். 30 பேர் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்கு வாரத்தில் சில மணி நேரம், அதையும் கட்டடத்துக்குள்ளேயே புத்தகத்தோடு உட்கார்ந்து கழிக்கலாம். மிஷிகன் ஸ்டேட் இன்னும் சுருக்கி, இலையுதிர் காலத்தில் ஒரே ஒரு இரவு மைதானத்தில் முகாம் வைத்து, வந்தவர்களுக்குக் கீழ்த்தளத்தில் இடம் கொடுக்கும் வழக்கத்தை வைத்திருக்கிறது.

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் 'ஆரஞ்ச் க்ரஷ்' மாணவர் குழுவின் வழி வேறு. அறப்பணிக்கு நிதி திரட்டுகிற மாணவர்களுக்கு நல்ல இடம். கேட்க அருமை. ஆனால் பணக்கார மாமா இருக்கிறவருக்கு நிதி திரட்டுவது சுலபம் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதே குழு 2023-ல் ஐயோவாவில் நடந்த வெளியூர் மேட்ச்சுக்கு, சிறுவர் சேவை அமைப்பு ஒன்றின் பெயரைச் சொல்லி 200 டிக்கெட் வாங்கியது. ஐயோவா தெரிந்துகொண்டு அத்தனையையும் ரத்து செய்தது. டிக்கெட் என்று வந்தால் நல்ல பிள்ளைகளும் என்ன செய்வார்கள் பாருங்கள்.

குலுக்கல்: நியாயம்தான், ஆனால் கணக்கைப் பாருங்க

குலுக்கலில் தூக்கமும் போகாது, ஷிஃப்ட்டும் போகாது. வட கரோலினா உட்படப் பல இடங்களில் ஆன்லைனில் பெயர் கொடுத்தால் போதும். பெயர் வந்தவர்களுக்கு எந்த நேரக்கட்டத்தில் உள்ளே வரலாம் என்றும் சொல்லிவிடுவார்கள். ஆனால் குலுக்கலை அசட்டையாக வடிவமைத்தால் அதுவும் அநியாயம் செய்யும். இரண்டு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனை, கணக்கு நிஜம்.

மாணவர் இடம் 1,200. கேட்பவர்கள் 4,800. ஆளுக்கு ஒரு டிக்கெட் என்றால் உங்கள் வாய்ப்பு 25 சதவீதம். சரி, தனியாகப் போக யாருக்கும் பிடிக்காது என்று, பெயர் வந்தவருக்கு இரண்டு டிக்கெட் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது பெயர் வருவது 600 பேருக்குத்தான், வாய்ப்பு 12.5 சதவீதம். நீங்களும் ரூம்மேட்டும் தனித்தனியாகப் பெயர் கொடுத்தால், யாராவது ஒருவருக்கு வந்தாலும் இருவரும் போகலாம். அப்போது உங்கள் வாய்ப்பு சுமார் 23 சதவீதம். நேற்றுத்தான் ஊரிலிருந்து வந்து, இன்னும் நண்பர்கள் யாரும் அமையாத மாணவருக்கு 12.5-தான். புதுசாக வந்தவரை இந்த விதி சத்தமில்லாமல் பாதியாக வெட்டுகிறது. இருவருக்கும் பெயர் வந்தால் மிச்சமாகும் இரண்டு டிக்கெட் எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தீர்வு எளிது. நண்பர்கள் ஒரே குழுவாகப் பெயர் கொடுக்கட்டும். குழு மொத்தமாக உள்ளே, அல்லது மொத்தமாக வெளியே. அப்போது தனியாள், குழு எல்லாருக்கும் கிட்டத்தட்ட அதே 25 சதவீதம்.

அடுத்த கணக்கு இதைவிட முக்கியம். சீசனில் நான்கு பெரிய மேட்ச். நான்கிலும் அதே 4,800 பேர், அதே 1,200 இடம். ஒவ்வொரு மேட்ச்சுக்கும் புதிதாகக் குலுக்கினால், சீசன் முடிவில் சுமார் 1,520 பேருக்கு ஒன்றுகூடக் கிடைத்திருக்காது. சுமார் 1,250 பேர் இரண்டோ அதற்கு மேலோ பார்த்திருப்பார்கள். ஒவ்வொரு குலுக்கலும் தனியாக நியாயமானது. மொத்தமாகப் பார்த்தால் மூன்றில் ஒருவர் வெறுங்கை. ஆனால் நான்கு மேட்ச்சையும் சேர்த்து ஒரே குலுக்கல் நடத்தி, ஒருமுறை கிடைத்தவர் மற்றவர்கள் முடியும்வரை பின்னால் போக வேண்டும் என்று வைத்தால்? நான்கு முறை 1,200, அதாவது 4,800. அத்தனை பேருக்கும் ஆளுக்கு ஒரு பெரிய மேட்ச். ஒரு நாற்காலிகூடக் கூடுதலாகப் போடவில்லை, விதியை மட்டும் மாற்றினோம். எல்லாருக்கும் அந்த ஒரே பரம எதிரி மேட்ச்தான் வேண்டும் என்று அடம் வந்தால் இது முழுசாகத் தீராது. அதற்கு மாணவர்களிடம் விருப்ப வரிசை கேட்டு வாங்கலாம். பரம எதிரி மேட்ச்சை விட்டுக்கொடுப்பவருக்கு வேறு இரண்டு மேட்ச் தரலாம்.

ஓசியில் வந்தது, போகாவிட்டால் என்ன?

குலுக்கலின் பெரிய வியாதி இதுதான். பெயர் கொடுக்க ஒரு கிளிக் போதும். அதனால் ஆசை இல்லாதவரும் கொடுப்பார். மேட்ச் அன்று மழை பெய்தாலோ மறுநாள் தேர்வு இருந்தாலோ வரமாட்டார். டி.வி.யில் மாணவர் பகுதி சொட்டையாகத் தெரியும். வெளியே டிக்கெட் கிடைக்காதவர் ஹாஸ்டலில் உட்கார்ந்து அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதற்காகவே பல இடங்களில் புள்ளிகள் வந்தன. சின்ன மேட்ச்சுக்கு வந்து அடையாள அட்டையை ஸ்கேன் செய்தால் புள்ளி. புள்ளி அதிகமானால் பெரிய மேட்ச்சில் முன்னுரிமை. நம் ஆட்கள் உடனே கண்டுபிடிப்பது என்ன? ஸ்கேன் செய்துவிட்டு அடுத்த கதவால் வெளியேறுவது. அமெரிக்க மாணவர்களும் அதையே கண்டுபிடித்தார்கள். தவிர, புள்ளி முறையும் கடைசியில் நேரத்துக்கான விலைதான், தவணையில் வசூலிக்கிறார்கள், அவ்வளவே.

என் கணிப்பில் புள்ளியைவிட நன்றாக வேலை செய்வது கெடுவும் அபராதமும். மேட்ச்சுக்கு 24 மணி நேரத்துக்கு முன் ஒரே கிளிக்கில் திருப்பிக் கொடுத்தால் தண்டனை இல்லை, அந்த டிக்கெட் காத்திருப்புப் பட்டியலுக்குப் போகும். சொல்லாமல் கொள்ளாமல் வராவிட்டால் அடுத்த பெரிய மேட்ச்சில் பெயர் கொடுக்க முடியாது. மேட்ச் தொடங்கிப் பத்து நிமிடத்தில் காலியாக இருக்கும் இடங்களை வாசலில் நிற்கிற மாணவர்களுக்குத் திறந்துவிடலாம்.

விற்றுக்கொள்ள விட்டால் என்ன?

கிடைத்தவர் கிடைக்காதவருக்கு விற்கட்டுமே, இருவருக்கும் சந்தோஷம்தானே? இதற்குச் சுவாரசியமான பதில் டியூக்கிலிருந்தே வந்தது. ஸிவ் கார்மன், டான் ஏரியலி ஆகிய இரு ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்ட கட்டுரைக்காக, குலுக்கலில் டிக்கெட் கிடைத்த மாணவர்களிடம் எவ்வளவுக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். கிடைக்காதவர்களிடம் எவ்வளவுக்கு வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். வாங்குபவர் சராசரியாகச் சொன்னது சுமார் 170 டாலர். விற்பவர் கேட்டது சுமார் 2,400 டாலர்! குலுக்கலுக்கு முன்பு இரண்டு தரப்பும் ஒரே மாதிரி ஆசையோடு நின்றவர்கள்தான். கையில் வந்ததும் ஒருவருக்கு அது வாழ்நாள் நினைவு. வராதவருக்கு அது ஒரு சாயங்காலம், அந்தக் காசுக்கு வேறு ஏதாவது செய்யலாம். (ஏரியலி பங்கேற்ற வேறொரு ஆய்வு, தரவுச் சிக்கலால் 2021-ல் திரும்பப் பெறப்பட்டது. அது இதுவல்ல என்றாலும், எண்களைக் கொஞ்சம் எட்ட நின்றே பார்ப்பது நல்லது.)

ஆகவே மாணவர்களுக்குள் சந்தை திறந்துவிட்டால் டிக்கெட் கை மாறும் என்று எதிர்பார்க்க முடியாது. 2,400 டாலர் கொடுக்கத் தயாராக இருப்பவர் மாணவராக இருக்க மாட்டார், வெளியூர் ரசிகராக இருப்பார். மாணவர் பகுதியில் எதிரணி ஜெர்ஸியோடு ஒருவர் வந்து உட்கார்வார். அதனால் டிக்கெட்டை அடையாள அட்டையோடு கட்டிப்போட்டு, வேறு மாணவருக்கு இலவசமாக மாற்ற மட்டும் அனுமதிப்பதுதான் சரி என்று படுகிறது.

அப்போ எதுதான் நல்ல வழி?

எல்லா மேட்ச்சுக்கும் ஒரே விதி வைப்பதுதான் முதல் கோளாறு. சின்ன மேட்ச்சில் இடம் மிச்சமிருக்கும்; அங்கே குலுக்கலும் வேண்டாம், கூடாரமும் வேண்டாம், வந்தவரை உள்ளே விட்டால் போதும். பெரிய மேட்ச்சில் பெரும்பாலான இடங்களை, பத்தில் ஏழு என்று வைத்துக்கொள்வோம், மேலே சொன்ன சீசன் குலுக்கலுக்கு விடலாம். இரண்டு பங்கை முகாம் பிரியர்களுக்குக் கொடுக்கலாம், ஆடுகளத்தை ஒட்டிய முன்வரிசையாகவே கொடுக்கலாம். கத்தப்போவது அவர்கள்தான், அந்தக் கலாசாரத்தை ஏன் கொல்ல வேண்டும்? ஆனால் கான்சஸ் மாதிரி ராத்திரி வீட்டுக்கு அனுப்பி, நாட்களைச் சுருக்கி. மீதி ஒரு பங்கு, இதுவரை ஒரு மேட்ச்கூடப் பார்க்காதவர்களுக்கு. மாற்றுத்திறனாளிகளுக்கான இடம் இந்தக் கணக்குக்கே வெளியே, தனியாக, முதலிலேயே ஒதுக்கப்பட வேண்டும்.

இதில் சண்டை வரப்போவது முதுநிலை மாணவர்கள் விஷயத்தில்தான். பல இடங்களில் இளநிலை மாணவர்களுக்கே முதலிடம். நான்கு வருடம் இருப்பவர்கள், கூட்டத்தின் உயிர் அவர்கள் என்பது காரணம். இரண்டே வருடம் இருக்கும் எம்.எஸ். மாணவர் இதைக் கேட்டு வருத்தப்படலாம். நியாயம்தான். பல பல்கலைக்கழகங்களில் விளையாட்டுத் துறைக்கென்று மாணவர் கட்டணத்தில் ஒரு தொகை பிடிக்கிறார்கள். அதைக் கட்டுபவர் எந்த வகுப்பில் படிக்கிறார் என்று கட்டணத்தை வாங்கும்போது யாரும் கேட்பதில்லை; டிக்கெட் தரும்போது மட்டும் கேட்பது என்ன கணக்கு? குறைந்தபட்சம், கட்டணம் பிடிக்கிற இடத்தில் எல்லா மாணவருக்கும் ஒரே குலுக்கல் இருக்க வேண்டும்.

இந்த ஆகஸ்டில் விமானம் ஏறுகிறீர்கள் என்றால் மூன்று விஷயம் பார்த்துவிடுங்கள். கட்டண ரசீதில் விளையாட்டுக் கட்டணம் தனியாக இருக்கிறதா என்பது ஒன்று. மாணவர் டிக்கெட் கணக்கை எப்போது திறக்கிறார்கள் என்பது இன்னொன்று. நவம்பர் மேட்ச்சுக்கான பதிவு பல இடங்களில் செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடும். அந்த மின்னஞ்சல் பெரும்பாலும் பல்கலைக்கழக ஐ.டி.க்குத்தான் வரும், ஜிமெயிலுக்கு அல்ல. மூன்றாவது, குழுவாகப் பெயர் கொடுக்கலாமா, தனித்தனியாகத்தானா என்று விதியைப் படியுங்கள். இரட்டை டிக்கெட் விதி என்றால், ஓரியன்டேஷன் அன்றே பக்கத்துச் சீட்டில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துவிடுங்கள்.